பாவை பயிற்றிய கை

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, இலக்கணத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயின், 2023ஆம் ஆண்டு ஐப்பசி தொடக்கம் அடுத்த ஐப்பசி வரை என் மாலைப்பொழுதுகளை ஆட்கொண்டிருந்தது நன்னூலும் அன்று, நாலடியாரும் அன்று; ஒரு பாவை. ஆசிரியர் அறையில் நண்பர்கள், “மாஸ்ரர், பொம்மைக் கலியாணம் எப்ப?” என்று கேட்டு நகைக்கும் அளவுக்கு அச்செய்தி பரவியிருந்தது. அவர்களுக்கு அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை.

பாவை தமிழருக்குப் புதிய பொருளன்று. சங்கச் செய்யுட்களில் நெய்தல் நிலச் சிறுமியர் கடற்கரை மணலில் வண்டற்பாவை இயற்றி விளையாடுகின்றனர். பஞ்சாய்க் கோரையால் ஆன பாவையும் அங்கே பேசப்படுகின்றது. கண்மணியில் தோன்றும் சிற்றுருவையும் பாவை என்றே நம் முன்னோர் வழங்கினர். திருவள்ளுவரோ, உள்ளத்தில் நாண் இல்லாதவர் உலகில் நடமாடுவதற்குக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை உவமை கூறினார். ‘நாண்’ என்னும் சொல் வெட்கத்தையும் குறிக்கும், கயிற்றையும் குறிக்கும். அகத்தே நாண் அற்றவனைப் புறத்தே உள்ள நாணால் இயங்கும் பாவையோடு ஒப்பிட்ட நயத்தை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றேன். அகத்தே நாண் உடைய பாவையும் உலகில் உண்டு என்பதை நான் கண்டது 2023இலேதான்.

பந்துமூட்டுப் பாவை என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். நம் தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். அதே அமைப்பில், இப்பாவையின் உறுப்புகள் ஒவ்வொன்றின் முனையும் உருண்டையாகவும், அவ்வுருண்டை அமரும் இடம் கிண்ணமாகவும் அமைந்திருக்கும். உறுப்புகள் யாவும் உள்ளே குடைவானவை. அக்குடைவினூடாகச் செல்லும் இலாஸ்ரிக் நாண் ஒன்றே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றது. பசையில்லை, ஆணியில்லை. ஆட்டுவிப்போன் கைவிட்டால் மரப்பாவை வீழ்ந்துவிடும். இதுவோ, நாம் வைத்த நிலையிலேயே நிற்கும், அமர்த்தினால் அமர்ந்திருக்கும், கையைக் கன்னத்தில் வைத்தால் சிந்திப்பதுபோல் இருக்கும்.

இவ்வமைப்புக்கு நெடிய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யேர்மனியிலும் பிரான்சிலும், மெருகிடாத பீங்கான் தலையும், காகிதக் கூழும் மரத்தூளும் பசையும் கலந்து வார்த்த உடலும், பந்து மூட்டுகளும் கொண்ட பாவைகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. யேர்மனியின் தூரிங்கியப் பகுதி அத்தொழிலுக்குப் பேர்போனது. இருபதாம் நூற்றாண்டிலே யப்பானியக் கலைஞர் அம்மூட்டினைத் தம் சிற்பக் கலைக்குரியதாக்கிக் கொண்டனர். 1999ஆம் ஆண்டில் கியோத்தோ நகரின் வோல்க்ஸ் நிறுவனம் பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பிசினால் வார்த்த பாவைகளை ‘சூப்பர் டொல்ஃபி’ என்னும் பெயரில் வெளியிட்டது. பின்னர்க் கொரியரும் சீனரும் இத்துறையில் இறங்கினர். விழி, கூந்தல், உடை ஆகிய யாவற்றையும் உடையவரே மாற்றி அமைக்கலாம் என்பதே இதன் சிறப்பு. ஆதலால், வாங்கியவர் வாங்கியதோடு நிற்பதில்லை. தையலரும் தச்சரும் ஓவியரும் ஆகிவிடுகின்றனர்.

இனி, அது என் இல்லத்துக்கு வந்த வகையைக் கூறுவேன். என் தமக்கையார் முப்பது ஆண்டுகள் தையற்றொழில் செய்தவர். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் சிலர் இக்கல்லூரியில் அணிந்த வெள்ளைச் சட்டைகள் அவர் தைத்தவையாகவே இருத்தல் கூடும். 2023ஆம் ஆண்டு ஆவணியில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. உயிர் தப்பியது, பேச்சும் மீண்டது. வலக்காலும் ஓரளவு தேறியது. வலக்கை மட்டும் மடிமேல் வைத்த பொருள்போற் கிடந்தது. இயன்மருத்துவர் ஒரு மென்பந்தைக் கொடுத்து, நாள்தோறும் நூறு தடவை அழுத்துமாறு பணித்தார். தட்டிலே அரிசியைப் பரப்பி விரலால் எழுதுமாறும் கூறினார். தமக்கையார் இரண்டையும் ஒதுக்கிவைத்தார். “இந்தப் பந்தை நசுக்கி ஆருக்கு என்ன லாபம், தம்பி? ஐம்பத்தாறு வயதிலை எனக்கு ஏடு தொடக்கப் போறியளோ?” என்று கேட்டார். அதற்குமேல் அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

யேர்மனியில் வாழும் அவர் மகள் ஐப்பசியில் மூன்று கிழமை விடுமுறையில் வந்தாள். பந்துமூட்டுப் பாவைகளைச் சேர்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. அவற்றுள் ஒன்றுக்குப் பாவாடை சட்டை தைத்துத் தருவதாகத் தாயார் முன்னரே வாக்களித்திருந்தாராம். அப்பாவையையும் கொண்டுவந்திருந்தாள். பிறர் கைமாறி அவளிடம் வந்த பழைய பாவை அது. உயரம் 42 சென்ரிமீற்றர். நாண் இற்றுத் தளர்ந்திருந்தமையால் உட்கார வைத்தாற் சரிந்து விழுந்தது. அதனை மேசைமேல் விட்டுவிட்டு அவள் பயணமானாள். இரண்டு நாட்களின் பின் தமக்கையார், “பிள்ளை இப்பிடி வெறும் மேலோடை கிடக்கிறதே? அந்தத் துணிப் பெட்டியை எடு, தம்பி” என்றார். வருத்தம் வந்தபின் அவர் தாமாகக் கேட்ட முதற்பொருள் அதுவே.

உடை தைப்பதற்கு முன் பாவை நிமிர வேண்டும். தையலுக்குப் பயன்படும் தட்டை இலாஸ்ரிக் இதற்கு உதவாது. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டை இலாஸ்ரிக்கைத் தேடிக் கடைத்தெருவில் அலைந்தேன். ஒரு நாண் ஒரு கையினின்றும் மார்பினூடாக மறு கைக்குச் செல்லும். மற்றொன்று தலையிலுள்ள கொளுக்கியில் தொடங்கி, உடலினூடாக இறங்கி, இரு கால்களிலும் பிரிந்து பாதங்களில் முடியும். மருமகள் தொலைபேசியில் வழிகாட்ட, வளைத்த கம்பியொன்றால் நாணை இழுத்தெடுத்தேன். நாண் மிக இறுகினால் முழங்கால் தானே உதைத்து நிமிரும். தளர்ந்தால் உடல் சரியும். அரை அங்குலம் குறைத்தும் கூட்டியும் மூன்று மாலைகள் சென்றன. நான் ஒருபுறம் இழுக்கும்போது பாவை நழுவாமற் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. தமக்கையார் தம் இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் பாவையின் மார்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அந்நோய்க்குப் பின் அக்கை செய்த முதல் வேலை அதுவே. சப்பாத்துத் தைப்பவரிடம் வாங்கிய மென்தோல் நறுக்குகளை மூட்டுக் கிண்ணங்களில் ஒட்டியபின், வழுக்குதல் நீங்கிப் பாவை எழுந்து நின்றது.

பின்னர்த் தையல் தொடங்கியது. பாவை மனித உருவின் ஏறக்குறையக் காற்பங்கு. ஆதலால், ஐந்தரை மீற்றர் நீளமும் 115 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள சேலை அதற்கு 137 சென்ரிமீற்றர் நீளமும் 29 சென்ரிமீற்றர் அகலமும் ஆகின்றது. கணக்கு எளிது. ஆனால் நீள அகலங்கள் காற்பங்காகும்போது துணியின் கனம் காற்பங்காவதில்லை. பட்டிலே கொய்தால் கொய்சகம் விறகுக்கட்டுப்போல் துருத்தி நின்றது. என் பழைய வேட்டியொன்றைக் கையால் தடவிப் பார்த்து, “தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்ச துணிதான் விழும்” என்றார் தமக்கையார். அவ்வாறே அவ்வேட்டி சேலையாயிற்று. அதன் ஒடுங்கிய சரிகைக் கரையே சேலைக்கரையும் ஆயிற்று. இழை பிரியாதிருக்க வெட்டிய ஓரங்களுக்கு அரிசிக் கஞ்சி தடவினோம். தையலுக்கு விடும் ஓரம் மூன்று மில்லிமீற்றரே. சட்டையின் கை ஒடுக்கமாயிருப்பின், பாவையின் கையைக் கொளுக்கியினின்றும் கழற்றி, உடையை அணிவித்தபின் மீண்டும் மாட்ட வேண்டும்.

தமக்கையார் ஊசியை இடக்கையில் ஏந்தினார். துணியைப் பிடிப்பது வலக்கையின் கடமையாயிற்று. முதலில் துணியின்மேல் அக்கையைப் பாரமாக வைத்தார்; பின்னர்ப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே துணியைச் செருகிக்கொண்டார்; தை மாதமளவில் அவ்விரு விரல்களும் தாமாகவே துணியைப் பற்றத் தொடங்கின. முதற் பாவாடை சட்டைக்கு ஆறு கிழமை சென்றது. முன்னாளில் ஒரு மாலையிலே இரண்டு சட்டைகள் தைத்தவர் அவர். எனினும் அந்த ஆறு கிழமைகளைப் பற்றி அவர் ஒருநாளும் குறைகூறவில்லை. பந்தை நூறு தடவை அழுத்த மறுத்த கை, அவர் அறியாமலே துணியை ஆயிரம் தடவை பற்றிவிட்டது. இயன்மருத்துவர் பாவையைக் கண்டு நகைக்கவில்லை. “பந்து வேண்டாம், இதையே செய்யுங்கள்” என்றார்.

பொருள் சேர்ப்பது என் பங்கு. தையற்கடைகளின் வெட்டுத்துண்டு, அறுந்த மாலையின் மணி, பழைய கடிகாரச் சங்கிலி ஆகியன என் சட்டைப்பையில் இடம்பெற்றன. கம்பளி நூலைப் பிரித்து வாரிக் கூந்தல் செய்தோம். பிசின் வெயில் பட்டால் மஞ்சளிக்கும் என்பதால் பாவைக்கு யன்னலைவிட்டு எட்ட இருக்கும் அலுமாரியில் இடம் ஒதுக்கினோம். அயலிலுள்ள மூதாட்டி ஒருவர் பனங்குருத்தை மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்கு வார்ந்து, உள்ளங்கையில் அடங்கும் கடகமும் சுளகும் இழைக்கக் கற்பித்தார். ஓலைவேலை ஒற்றைக் கையால் ஆகாது. இழைக்கும் கை எழும்போது மற்றக் கை விடாமல் அழுத்த வேண்டும். தமக்கையாரின் வலக்கைக்கு அது தையலினும் கடிய ஆசிரியராயிற்று. தச்சர் குடும்பத்து மாணவன் ஒருவன் வேப்பங்கட்டையில் நாற்காலி செய்து தந்தான். உயிரியல் ஆசிரியர் மூட்டுகள் பற்றிய பாடத்துக்காகப் பாவையை ஒருநாள் இரவல் பெற்றுச் சென்றார். திரும்பி வரும்போது நகைத்த நண்பர்களின் தொகை குறைந்திருந்தது.

ஓராண்டு நிறைந்தபோது என் கொப்பியில் பதினோர் உடைகளும், மூன்று சோடி செருப்புகளும், ஒரு கடகமும், ஒரு சுளகும், ஒரு நாற்காலியும் பதிவாகியிருந்தன. தமக்கையாரின் கை முழுவதும் மீண்டுவிட்டது என்று கூறுவதற்கில்லை. தையல் இயந்திரத்தின் முன் அவர் இன்னும் அமரவில்லை, அமர்வாரோ அறியேன். ஆயினும், தம் சட்டைக்குத் தாமே பொத்தான் பூட்டுகின்றார். சோற்றை வலக்கையாற் பிசைந்து உண்கின்றார். நோய்க்குப் பின் வங்கியில் பெருவிரல் அடையாளமே இட்டு வந்தவர், 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் எழுதுகோலைக் கேட்டு வாங்கினார். எழுத்து கோணலாகவே விழுந்தது. பழைய கையொப்பத்தோடு அது ஒத்துவராமையால் வங்கியார் புதிய மாதிரிக் கையொப்பம் வேண்டுமென்றனர். தமக்கையார் முகம் வாடவில்லை. “ஓம், இது புதுக் கைதானே” என்று கூறி, அவர்கள் கேட்ட மூன்று இடங்களிலும் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் எனக்கு இவ்வாண்டு ஒன்றைத் தெளிவாக்கியது. பயிற்சி வேண்டும் என்று நாம் எல்லோருக்கும் கூறுகின்றோம். பந்தையும் அரிசித் தட்டையும் நீட்டுகின்றோம். பயிற்சிக்குள்ளே ஒரு விருப்பு இல்லையேல் அது புறத்தே நின்று இழுக்கும் நாணாகவே நின்றுவிடும். இழுப்பவர் கைவிட்டதும் பாவை வீழ்ந்துவிடும். உள்ளே ஓடும் நாண் வேறு. ஆடையின்றிக் கிடந்த ஒரு பாவையின்மேற் பிறந்த இரக்கம் தமக்கையாரின் கைக்கு உள்நாண் ஆயிற்று. அந்நாணும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இற்றுத் தளரும். அப்போது மாற்றிக் கோக்க வேண்டும். இறுக்கமும் தளர்வும் ஓர் அளவில் நிற்கச் செய்வதே கோப்பவரின் திறமை. ஆசிரியத் தொழிலும் அதுவே என எண்ணுகின்றேன்.

இக்கல்லூரியில் இன்று கற்கும் மாணவச் செல்வர்களே, பரீட்சைக்குரிய நூல்களோடு கைப்பணி ஒன்றையும் விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். தச்சாயினும் தையலாயினும் ஓலை இழைத்தலாயினும் இழிவில்லை. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களே, நீங்கள் அன்று அணிந்த வெள்ளைச் சட்டைகளுக்கும் ஒரு கை இருந்தது. உங்கள் ஊர்களில் அத்தகைய கைகள் இன்னும் பல உள. விடுமுறையில் வரும்போது அவற்றைக் கண்டு நலம் உசாவுங்கள். கூடுமாயின் அவற்றுக்கு விருப்பமான வேலை ஒன்றையும் கொண்டுவாருங்கள்.