கால் அங்குலம்

சித்தேரி மலைக்காரனுக்குக் கப்பல் எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. குமிழ் மரம் செதுக்கத் தெரிந்த கைக்குக் கடல் பக்கத்திலேயே இருக்க வேண்டுமா என்ன?

நான் செய்ய எடுத்துக்கொண்டது 'ஹியூ லிண்ட்சே'. பம்பாயில் 1829-இல் மரத்தால் கட்டப்பட்ட சக்கர நீராவிக் கப்பல். கொள்ளளவு 411 டன். எண்பது குதிரைத்திறன் எந்திரங்கள் இரண்டு. 1830 மார்ச் 20-இல் பம்பாயை விட்டு, ஏடன் வழியாக ஏப்ரல் 22-இல் சூயஸை அடைந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற அஞ்சலைச் செங்கடல் வழியே நீராவியால் கொண்டுசெல்லலாம் என்று காட்டிய பயணம் அது.

கப்பலின் உடற்கூட்டு வரைபடம் வீட்டு வரைபடம் போன்றதன்று. பக்கத்தோற்றத்தில் நேராக நிற்கும் நீர்மட்டக்கோடு மேல்தோற்றத்தில் வளையும். குறுக்குவெட்டும் இவ்விரண்டோடு ஒத்துவந்தால்தான் வடிவம் சரி. சக்கரக் கப்பலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அகலம் என்று குறித்திருப்பது பெரும்பாலும் உடலின் அகலமே. இருபுறமும் பிதுங்கும் சக்கரக்கூடுகள் அதில் சேரா. இது தெரியாமல் பழைய ஓவியத்தை அளந்தால் கப்பல் ஒல்லியாகிவிடும், அல்லது கொழுத்துவிடும்!

நீளம் 140 அடி, அகலம் 25 அடி. அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கொண்டதில் என் மாதிரி பதினேழரை அங்குலம் வந்தது. செதுக்கி முடித்து, கடலாகத் தீட்டிய பலகையில் குடைந்து பதிக்கும்போதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. எவ்வளவு ஆழம்?

கட்டியவர்கள் எண்ணியது பதினொன்றரை அடி. ஆனால் அக்கப்பல் ஐந்தரை நாள் நிலக்கரிக்கே அமைக்கப்பட்டது. ஏடனுக்கோ பதினொரு நாள். ஆகவே அறைகளிலும் மேல்தளத்திலும் கரியைக் குவித்துக்கொண்டு, பதின்மூன்றரை அடி அமிழ்ந்து புறப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் சக்கரப் பலகைகள் கப்பலைத் தள்ளுவதைவிட நீரை அமுக்குவதிலும் தூக்குவதிலுமே வலிமையை வீணாக்கும். கரி எரிய எரியக் கப்பல் உயரும், சக்கரமும் சீராகும். ஏடனில் நின்றபோது மிஞ்சியது சில மணி நேரக் கரிதான்.

இரண்டு அடி என்பது என் மாதிரியில் கால் அங்குலம். வரைபடத்தையே பின்பற்று, பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்றார் பேராசிரியர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நான் செய்வது துறையில் நிற்கும் கப்பலையன்று, பம்பாயை விட்டுப் புறப்பட்ட கப்பலை. உளியை எடுத்து இன்னும் கால் அங்குலம் குடைந்தேன்.

விடுமுறையில் அதை ஊருக்கு எடுத்துச் சென்றேன். ஏர் செய்யும் மாமா குனிந்து பார்த்தார்.

"என்னடா மாப்ளே, முழுகப்போற மாதிரி இருக்குது?"

"அப்படியேதான் மாமா போச்சு, பதினோரு நாளு."