களிம்பு

கீ போட்டால் நியூட்ரல் லைட் பச்சையாக எரியும். செல்ஃப் அமுக்கினால் சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், பச்சை லைட் செத்துப்போகும். கையை எடுத்தால் மறுபடி எரியும். போன வருஷம் அக்டோபர் கடைசியிலிருந்து ஒரு மாசத்துக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் காலை ஆறரை மணிக்கு நடந்த தினசரி நிகழ்ச்சி இது. அப்புறம் நான் கிக்கரை உதைப்பேன். முப்பது உதை, நாற்பது உதை. அம்மா வாசலுக்கு வந்து ஒண்ணும் சொல்லாம நிப்பாங்க. அந்த ஒண்ணும் சொல்லாததுதான் தாங்காது.

ஏன்னா பணம் அவங்களோடது. சீட்டு எடுத்த பணம், 28,000 ரூபாய்.

நம்ம காலேஜில் மே மாசம் வந்தால் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஃபைனல் இயர் அண்ணாக்கள் மெத்தை, இண்டக்‌ஷன் ஸ்டவ், டிராஃப்டர், வண்டி எல்லாத்தையும் ஜூனியர் தலையில் கட்டிட்டுப் போவாங்க. அப்படித்தான் 2025 மே மாசம் ஒரு அண்ணாகிட்ட இந்த வண்டியை வாங்கினேன். 125 சிசி, டிஎன் 31 நம்பர், பன்னெண்டு வருஷம் ஓடினது. கம்பெனி பேர் எதுக்கு, வரப்போற கதையில் கம்பெனி மேல ஒரு தப்பும் இல்லை. டயர் பார்த்தேன், புகை பார்த்தேன், ஆர்.சி., இன்சூரன்ஸ் பார்த்தேன், ஃபார்ம் 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கினேன். சீட் கவர் புதுசு. கவர் மாத்தி, கழுவி, பாலிஷ் போட்டு வெச்சிருக்காரே, நல்ல மனுஷன்னு நினைச்சேன். ஒரு பன்னெண்டு வருஷ வண்டிக்கு எதுக்குப் புது சீட் கவர்னு கேட்கத் தோணலை.

வெயில் காலம் முழுக்க வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கடலூர்லேருந்து சிதம்பரம் நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் பக்கம். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாத்துப் பாலம்னு ஒரே மூச்சில் போயிடுவேன். மழை ஆரம்பிச்சதும் தகராறு ஆரம்பிச்சது. அதுவும் ஒரு விதமான தகராறு. காலையில் பனி ஈரத்தோட கிளம்பவே கிளம்பாது. பதினொரு மணி வெயில் பட்டதும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தா அவர் முன்னாடி ஜோரா ஓடும். என்னைப் பொய்யன் ஆக்கிடும்.

கடலூரில் முதல் மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே “பேட்டரி போச்சு தம்பி”ன்னார். 1,450 ரூபாய். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் மறுபடி ‘டிக்’.

இனிமே நானே பார்த்துக்கிறேன்னு முடிவு பண்ணினேன். நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ. வீட்டில் ஃபேன் நின்னா அம்மா என்னைத்தான் பார்ப்பாங்க. காலேஜ் பையில் சொந்த மல்டிமீட்டர் இருக்கு. பிளக்கைக் கழட்டி எஞ்சின் மேல வெச்சு உதைச்சுப் பார்த்தேன். வரவேண்டியது சுரீர்னு நீலப் பொறி. வந்தது மஞ்சளா, சோகையா ஒண்ணு, சில தடவை அதுவும் இல்லை. அப்போ தப்பு இக்னிஷன் பக்கம்.

இதை இரண்டு வரியில் சொல்லிடுறேன், சிவில் நண்பர்கள் பொறுத்துக்கணும். பழைய வண்டி நிறைய ஏசி சிடிஐ. எஞ்சினோட சேர்ந்து சுத்துற மேக்னட்டோவில்தான் பொறிக்கு வேண்டிய கரண்ட் கிடைக்கும், பேட்டரியே இல்லைன்னாலும் கிக்கர் அடிச்சா கிளம்பும். என்னோடது டிசி சிடிஐ. பேட்டரியோட 12 வோல்ட்டை வாங்கி, அதை நூத்துக்கணக்கான வோல்ட்டா ஏத்தி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கும். பல்சர் காயில் சிக்னல் கொடுத்ததும் அதை இக்னிஷன் காயிலுக்குள்ள கொட்டும். அங்கேருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டா பிளக்குக்குப் போகும். உள்ளே போற 12 வோல்ட் சரியில்லைன்னா நாள் பூரா உதைச்சாலும் கால்தான் வலிக்கும்.

அதனால் சிடிஐ கப்ளரைக் கழட்டி, கீ போட்டு, அந்தச் சப்ளை ஒயரில் மீட்டரை வெச்சேன். 12.4 வோல்ட். சப்ளை அருமையா இருக்கு, அப்போ சிடிஐதான் அவுட். 950 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினேன். கிளம்பலை. கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனேன். “எலக்ட்ரிகல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது தம்பி.” போர்டே தொங்குது, நான்தான் படிக்கலை.

நவம்பரில் ஒரு நாள் மதியம் எப்படியோ கிளப்பி வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் வந்துட்டேன். தூறல். போன் வந்ததுன்னு நிறுத்தினவன் நிறுத்தினவன்தான். ரெண்டு மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. வகுப்பு நண்பன் ஒருத்தன் அவன் வண்டியில் வந்து, என் சைலன்சர் மேல காலை வெச்சுத் தள்ளிக்கிட்டே வண்டிகேட் வரைக்கும் கொண்டுவந்தான். ரிவ்யூ போச்சு. அங்கே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்.

அந்த அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். நான் பேட்டரி, சிடிஐ, 12.4 வோல்ட் எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். அப்புறம் டப்பாவிலிருந்து ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். ரெண்டு ஒயர், ஒரு கிளிப், அவ்வளவுதான். பேட்டரியில் வெச்சார், பளிச்சுனு எரிஞ்சது. நான் 12.4 பார்த்த அதே சிடிஐ ஒயரில் வெச்சார். பல்புக்குள்ள கம்பி மட்டும் சிவப்பா, பீடி நுனி மாதிரி.

“அண்ணே, ஆனா 12.4 காட்டுச்சே?”

“உங்க மீட்டரு சும்மா எட்டிப் பாத்துட்டு வரும் தம்பி. பல்பு வேலை வாங்கும்.”

தலையில் ஒரு குட்டு வெச்ச மாதிரி இருந்தது. முதல் வருஷம் லேபில் பக்கம் பக்கமா எழுதினது. மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் மெகா ஓம் கணக்கில். வழியில் எங்கேயோ ஒரு கெட்ட ஜாயிண்ட் பத்து ஓம் தடுத்தாலும், மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்லாததால் அந்த இடத்தில் வோல்ட் விழவே விழாது. முழு 12.4 காட்டும். பத்து வாட் பல்பு போட்டால் அது எரியும்போது பதினாலு ஓம் சொச்சம். ரெண்டும் பங்கு போட்டுக்கிட்டால் பல்புக்குக் கிடைக்கிறது ஏழு வோல்ட்தான். லோட் இல்லாம எடுத்த ரீடிங்கை நம்பி 950 ரூபாய் கொடுத்திருக்கேன். இன்டர்னலில் இந்தக் கணக்குக்கு எனக்கு முழு மார்க்.

ஆனால் முழுக்கவே தோத்தேன்னு சொல்ல மாட்டேன். அவர் ஒவ்வொரு ஒயரா ஆட்டிப் பார்க்கக் கிளம்பினப்போ, “அண்ணே, பல்பு எரியட்டும், அஞ்சு நிமிஷம் கொடுங்க”ன்னு கேட்டேன். மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வெச்சுட்டு, இன்னொரு முனையோட வழி நெடுக நகர்ந்தேன். ஃபியூஸ் தாண்டி 0.1. ஹெட்லைட்டுக்குள்ள இருக்கிற கீ சுவிட்ச் கப்ளருக்கு இந்தப் பக்கம் 0.2. அந்தப் பக்கம் 5.1. ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள்ள அஞ்சு வோல்ட் காணாமல் போகுது. அண்ணன் மீட்டரை எட்டிப் பார்த்துட்டு, “இது எப்படி வெக்கிறது, இன்னொரு தடவை காட்டுங்க”ன்னார். காட்டினேன். அந்த நாளில் எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம்.

கப்ளரைப் பிரிச்சார். உள்ளே பின்னெல்லாம் பச்சைப் பசேல்னு இருந்தது.

“களிம்பு புடிச்சிருக்கு தம்பி.”

“யாருண்ணே தடவினாங்க?”

அவர் என்னைப் பார்த்தார். கடைப் பையன் என்னைப் பார்த்தான். அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு வண்டிகேட் பூரா கேட்டிருக்கும். நான் இங்கிலீஷ் மீடியம்ங்க. தீக்காயத்துக்குப் போடுற ஆயின்மென்டுக்குத்தான் களிம்புன்னு எனக்குத் தெரியும். செம்பிலும் பித்தளையிலும் ஏறுற பச்சைக்கும் அதே பேர்தான்னு இருபத்தோரு வயசில் ஒரு பட்டறையில் கத்துக்கிட்டேன். எங்க ஆயா வருஷா வருஷம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறது இதைப் போக்கத்தானாம். (கப்ளரில் புளி தேய்க்காதீங்க. புளிப்பு உள்ளேயே தங்கி மிச்சத்தையும் அரிச்சிடும்.) அன்னைக்கு ராத்திரி தாத்தாகிட்ட சொன்னப்போ, சைவ சித்தாந்தத்தில் உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமையா சொல்வாங்கன்னார். வண்டியைப் பத்திச் சொன்னாரா, மீட்டரும் கையுமா அலைஞ்ச என்னைப் பத்திச் சொன்னாரான்னு கேட்டுக்கலை.

சிரிப்பு அடங்கினதும் அண்ணன் கப்ளரை உள்ளங்கையில் தட்டினார். மாவு மாதிரி வெளிறின மண் விழுந்தது. விரலில் தேய்ச்சுப் பார்த்தார்.

“ரோட்டுத் தூசி இல்லை. ஆத்து வண்டல். வண்டி முழுகி எழுந்திருக்கு.”

எல்லாம் புரிஞ்சுபோச்சு. வண்டல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பேட்டரி இணைப்பில் இருக்கிற ஒயரில் ஈரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கம் செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி மின்னாற்பகுப்புதான். வெயிலில் காய்ஞ்சு சும்மா இருந்தது, மழையில் வேலையைக் காட்டுச்சு. புது சீட் கவரும் புரிஞ்சது. பயங்கரக் கோபம் வந்தது. அந்த அண்ணாகூட ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கேன்.

அண்ணன் கடைப் பையனைப் புது கப்ளர் வாங்க அனுப்பினார். நான் வண்டி முன்னாடி சும்மா நின்னுட்டு இருந்தேன். அப்பதான் கவனிச்சேன், திறந்து கிடந்த ஹெட்லைட் என் வயித்துக்கு நேரா இருந்தது. மண் இருந்தது அந்த உயரத்தில்.

கடலூர்க்காரங்களுக்குக் காலண்டரே புயல்தான். 2011 டிசம்பர் 30 தானே, எனக்கு ஏழு வயசு, எங்க தெருவில் நின்ன மரங்களை எண்ணிடலாம். 2015 வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. புயல் போயிடுச்சுன்னு எல்லாரும் மூச்சு விட்டப்போ, டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல தண்ணி திறந்து, தென்பெண்ணை கரை உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ரெண்டு நாள் கரண்ட் இல்லை, அதைப் பெரிய கஷ்டமா ஸ்டேட்டஸ் போட்டேன். அந்த அண்ணா வீடு பெண்ணையாத்தங்கரையில் ஒரு ஊர். அப்போ ஒரு வாரம் காலேஜுக்கு வரலை. வந்ததும் “என்னண்ணா, லீவு ஜாலியா?”ன்னு கேட்டது நான்தான்.

போன் பண்ணினேன். இப்போ ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட், தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

“அண்ணா, வண்டி தண்ணியில நின்னுச்சா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“நின்னுச்சுடா.”

“எவ்வளவு ஏறுச்சு?”

“நாங்க பக்கத்து வீட்டு மாடியில இருந்தோம். ஹேண்டில்பார் கண்ணாடி ரெண்டும் மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.”

“சொல்லியிருக்கலாம்லண்ணா.”

“சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா? எக்ஸாம் ஃபீஸ் அரியர் நின்னுச்சு. ஃப்ரிட்ஜ், மோட்டார், அம்மா தையல் மெஷின், எல்லாம் போச்சுடா. கவர்மெண்ட் கொடுத்த ரெண்டாயிரத்துல சேறு வாரினோம். விக்கிறதுக்குன்னு மிச்சம் இருந்தது வண்டி ஒண்ணுதான். எஞ்சினைப் பிரிச்சு ஆயில் மாத்தி நானே சுத்தம் பண்ணேன். ஹெட்லைட்டைத் திறந்து பாக்கணும்னு தோணல.”

இன்சூரன்ஸும் கிடையாது. பழைய வண்டிக்கு முக்கால்வாசிப் பேர் தேர்ட் பார்ட்டிதான் கட்டுவோம், அதில் வெள்ளத்துக்குப் பைசா வராது.

நான் தயார் பண்ணி வெச்சிருந்த வசனம் எதுவும் வாயில் வரலை. அவரே, “எவ்வளவு ஆச்சு, சொல்லு”ன்னார். சொன்னேன். சம்பளம் வந்ததும் 1,500 அனுப்பினார். ‘பரவாயில்லண்ணா, வேண்டாம்’னு பெரிய மனசா சொல்லியிருந்தா இந்தக் கட்டுரைக்கு நல்லா இருந்திருக்கும். நான் சொல்லலை. வாங்கிட்டேன். அது அம்மாவோட பணம்.

கப்ளர் 60 ரூபாய். ஒயர் நுனியெல்லாம் வெட்டி, உப்புத்தாள் போட்டு, புதுப் பின் வெச்சு, ஸ்லீவ் போட்டு, மேல கொஞ்சம் வாசலினும் தடவி, கூலி 200. வாசலின் தடவும்போது அண்ணன் என்னைப் பார்த்து, “இது நான் தடவுறது தம்பி”ன்னார். டெஸ்ட் பல்பு சிடிஐ ஒயரில் வெள்ளையா எரிஞ்சது. அன்னைக்கு ராத்திரி மழையில் நனைய விட்டு, காலையில் ஆறரைக்கு செல்ஃப் அமுக்கினேன். அம்மா உள்ளேருந்து எட்டிக்கூடப் பார்க்கலை. தோசை ஊத்திட்டு இருந்தாங்க.

இப்போ என் முறை. மே மாசம் கிளம்பணும், வண்டியை விக்கணும். சீட்டுக்கு அடியில் ஒயர் கலர் எல்லாம் எழுதி ஒரு பேப்பரை லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். முதல் வரி: ‘2024 டிசம்பர், ஹெட்லைட்டுக்கு மேல் முழுகியது.’ போன சனிக்கிழமை ஒரு ஜூனியர் பார்க்க வந்தான். நல்லா ஓட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சந்தோஷம். பேப்பரைக் காட்டினேன். நிதானமா முழுசும் படிச்சான்.

“முழுகின வண்டிக்கு இருபத்தஞ்சாயிரம் ஜாஸ்திண்ணா. இருபத்தொண்ணுன்னா இன்னைக்கே ஜிபே பண்றேன்.”

யோசிச்சு சொல்றேன்னு அனுப்பியிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.