வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெருசா... ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டில் மட்டும் வேண்டாம்!

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் ஷூ வாங்கப் போனால், தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே வாங்கு!’ ஷூ முனையில் கொஞ்சம் பஞ்சு, இல்லாவிட்டால் மடித்த பேப்பர். ஆறு மாதத்தில் கால் வளர்ந்து ஷூவுக்குப் பொருந்திவிடும். தீபாவளிச் சட்டையிலிருந்து சைக்கிள் வரை இதே கணக்குத்தான். காசின் அருமை தெரிந்தவர்கள் போட்ட கணக்கு. பெரும்பாலும் தப்பாது.

அது தப்பிப்போன ஒரு வீடு கனடாவில் இருக்கிறது.

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதி. இலங்கைத் தமிழர்கள் நிறைய வாழும் இடம். நம் ஊர் தெருக்களில் கிரிக்கெட் எப்படியோ, அந்த ஊர்க் குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி அப்படி. கூடப் படிக்கிற பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள் என்று எட்டு வயதுப் பையன் தானும் கேட்டான். வீட்டில் சரி என்றார்கள். ஸ்கேட் வாங்கக் கிளம்பும்போது அப்பம்மா சொன்னார்... “வளருற பிள்ளை. ரெண்டு நம்பர் கூடவா எடுங்கோ. அடுத்த வருஷமும் போடலாம்.”

அப்படியே வாங்கினார்கள். உள்ளே தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி.

மற்ற பிள்ளைகள் பனித்தரையில் வழுக்கிக்கொண்டு போக, இவன் மட்டும் நடந்தான். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்தன. நாலடி போனால் ஒரு விழுகை. சுற்றுச்சுவரைப் பிடித்தபடியே பயிற்சி முடிந்துவிடும். ஜனவரி வந்தபோது சனிக்கிழமை காலைகளில் அவனுக்கு வயிற்றுவலியும் வந்தது. கடைசியில் ஒருநாள் காரில் வைத்துச் சொன்னான்... “எனக்கு ஹாக்கி வராது அப்பா.”

அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் பனியையே இருபது வயதுக்கு மேல்தான் பார்த்தவர். குறை காலிலா, காலணியிலா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பயிற்சியாளருக்குத் தெரிந்தது. லேஸை அவிழ்த்து, பையனின் பாதத்தை முன்னால் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் நுழைந்தால் பரவாயில்லை. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. “பையனிடம் ஒரு குறையும் இல்லை. ஸ்கேட்டை மாற்றுங்கள்” என்றார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன்தான். உடம்பின் மொத்த எடையும் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. திரும்புவதும் நிற்பதும் பாதத்தின் சின்னச் சின்ன அசைவில் நடக்கின்றன. பூட்டுக்குள் கால் ஆடினால் அந்த அசைவு பிளேடுக்குப் போய்ச் சேராது. நடக்கிற ஷூ பெரிதாக இருந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். ஸ்கேட் பெரிதாக இருந்தால் பிள்ளை விழும். விழுகிற பிள்ளை ஸ்கேட்டைக் குறை சொல்லாது, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் அப்பாவும் மகனும் ஹாக்கிப் பொருள் விற்கும் கடைக்குப் போனார்கள். முதல் ஆச்சர்யம், ஷூ நம்பரும் ஸ்கேட் நம்பரும் ஒன்றல்ல. வழக்கமாக ஸ்கேட் நம்பர் ஒன்று, ஒன்றரை குறைவாகத்தான் வரும். அதனால் கடைக்காரர் நம்பரைக் கேட்கவே இல்லை. பாதத்தின் நீளத்தோடு அகலத்தையும் அளந்தார். ஒரே நீளத்தில் ஒல்லிப் பாதத்துக்கு ஒன்று, அகலப் பாதத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கின்றன.

போட்டுப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, அதன்பிறகு லேஸ் கட்ட வேண்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்முனையை லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி, விளையாடும் நிலையில் குனிந்தால் அந்த உரசல் விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. லேஸ் கட்டாதபோது, மேலிருந்து மூன்றாவது ஓட்டைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தார். பென்சில் பாதத்தின் மேல்பகுதியில் இடித்தால், பூட்டின் ஆழம் போதாது என்று அர்த்தம்.

“விலை கூடினதுதானே நல்லது?” என்று அப்பா கேட்டார். பெரியவர்களுக்கான உயர்ரக ஸ்கேட்கள் 1,000 கனடா டாலரைத் தாண்டும். கடைக்காரர் தலையசைத்து மறுத்தார். விலை ஏற ஏற பூட் விறைப்பாகும். வேகமும் எடையும் உள்ள வீரருக்கு அந்த விறைப்பு தேவை. எட்டு வயதுப் பையனால் அதை முன்னால் வளைக்கவே முடியாது. முழங்கால் மடங்காது. மறுபடியும் தடுமாற்றம்தான்.

பையனுக்கு நடுத்தர விலையில் ஒரு ஜோடி பொருந்தியது. அதைச் சிறிய அடுப்பு மாதிரி ஒரு கருவியில் வைத்துச் சூடாக்கி, கதகதப்போடு மாட்டிவிட்டு அசையாமல் உட்காரச் சொன்னார்கள். ஆறும்போது பூட் கால் வடிவத்துக்குப் படிந்துவிடும். பிறகு சாணை. பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்கேட்டை அப்படியே பனியில் இறக்கக் கூடாது. பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும்படி சாணை பிடித்தால்தான், இரண்டு பக்க விளிம்பும் பனியைப் பிடிக்கும்.

‘இதெல்லாம் வசதி இருக்கிற நாட்டுப் பேச்சு’ என்று தோன்றலாம். லடாக்கில் ராணுவ பூட்ஸில் பிளேடைப் பொருத்தி ஐஸ் ஹாக்கி ஆடிய காலம் உண்டு. அங்கே பெண்கள் ஆடத் தொடங்கியபோது இரவல் ஸ்கேட்தான், அளவு பொருந்தாத ஸ்கேட்தான். லடாக் பெண்களே பெரும்பாலும் இருக்கும் இந்திய அணி, 2016-ல் தைபேயில் முதல் சர்வதேசத் தொடரில் இறங்கியது. 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வீழ்த்தி முதல் வெற்றி. 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம். எது கிடைத்ததோ அதில் நின்று பழகியவர்கள் அவர்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளையை ஏன் அப்படிப் பழக வைக்க வேண்டும்?

புது ஸ்கேட்டில் பையன் முதல்நாளே பறந்துவிடவில்லை. அன்றைக்கும் விழுந்தான். ஆனால், சுவரை விட்டுத் தள்ளி வந்து விழுந்தான். சனிக்கிழமை வயிற்றுவலி மெள்ள மறைந்தது.

அப்பம்மாவின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஒரே குளிர்காலத்தில் கால் வளர்ந்துவிட்டால் காசு போச்சே! அதற்கும் வழி உண்டு. வளரும் பிள்ளைகளின் ஸ்கேட் சீக்கிரம் தேயாது. பழைய விளையாட்டுப் பொருள் வாங்கி விற்கும் கடைகள் அங்கே உண்டு. சிறிதாகிப்போன ஜோடியைக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அளவும் இரண்டாம் கை ஜோடியாக இருக்கலாம். பூட் தளராமல், பிளேடில் சாணை பிடிக்க இரும்பு மிச்சமிருந்தால் போதும்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பேரனின் பாதத்தை நோட்டுத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைகிறார் அப்பம்மா. ஊரில் யாராவது டவுனுக்குப் போகும்போது, செருப்பு வாங்க அப்படித்தான் அளவு கொடுத்தனுப்புவார்களாம். பழைய தாளின்மேல் புதுத் தாளை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

“இன்னும் அரை நம்பர் வளரயில்லை. இதையே போடட்டும்.”