பைகிராப்ட்ஸ் சாலை

சென்னைச் சர்வகலாசாலையும், அதற்கு மூத்ததான மாநிலக் கல்லூரியும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஊருக்கு அவை காட்டுவது முதுகைத்தான். சிஸம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர், 1870-இல் கல்லூரியையும் 1879-இல் சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தையும் எழுப்பி முடித்தபோது, கப்பலில் வரும் சீமான்களின் கண்ணுக்கு அவை கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென்று எண்ணினாரோ என்னவோ, பின்னால் திருவல்லிக்கேணிச் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த ஜனங்களை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் குறையைப் பெருமளவு நிவர்த்தி செய்து வந்திருப்பது ஒரு தெரு. கண்ணகி சிலை நிற்கும் கடற்கரை முனையிலே தொடங்கி, மாநிலக் கல்லூரியை ஒட்டி மேற்கே திரும்பி, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டி, ஜாம் பஜாரின் காய்கறி இரைச்சலைக் கடந்து ராயப்பேட்டையில் போய்ச் சேரும் அந்தத் தெருவுக்குப் பாரதி சாலை என்று பெயர் வைத்து நெடுங்காலம் ஆகியும், வயதானவர்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பாரதியிடம் பக்தி குறைவு என்பதனால் அல்ல, நாக்குப் பழக்கம்.

இந்தத் தெருவின் இரண்டு முனைகளையும் யோசித்தால் சரித்திரத்தின் விஷமம் ஒன்று புலப்படும். கல்லூரியும் செனட் மண்டபமும் எழுந்தது ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்க அரண்மனைத் தோட்டத்தில். 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும், பட்டம் ஒழிந்தது என்று சொல்லிக் கும்பினியார் அரண்மனையை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அந்த வம்சத்தாருக்கு ஆர்க்காட்டு இளவரசர் என்ற கௌரவமும் வாசஸ்தலமும் அளிக்கப்பட்டன. அமீர் மகால் என்னும் அந்த வாசஸ்தலம் இருப்பது இதே தெருவின் மேற்குப் பகுதியில். பறிகொடுத்த தோட்டத்துக்கும் பெற்றுக்கொண்ட மாளிகைக்கும் நடுவே, சாவகாசமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.

ஆனால் என்னைப் போன்றவர்கள் இங்கே வந்தது நவாபுகளைத் தேடி அல்ல, பழைய புத்தகங்களைத் தேடி. வாரநாட்களில் துணிக்கடையும் பெட்டிக்கடையுமாக இருக்கும் இந்தச் சாலை, ஞாயிற்றுக்கிழமை அவை கதவடைத்ததும் வேறு ரூபம் கொண்டுவிடும். மூடிய கடைகளின் வாசலில் கோணியையும் தார்ப்பாயையும் விரித்து, மலையாகக் குவித்த புத்தகங்களின் அருகே வியாபாரிகள் உட்கார்ந்துவிடுவார்கள். பொறியியல் கைடு, ரஷ்ய நாவல்களின் மலிவுப் பதிப்பு, தொடர்கதைகளை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து யாரோ ஒரு மாமி கருத்தோடு பைண்டு செய்து வைத்த தொகுதி, அட்டையிழந்த தேவாரம் எல்லாம் ஜாதி வித்தியாசமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பக்கத்து மேன்ஷன்களில் தங்கியிருக்கும் பிரமசாரிகளும், விடுதி மாணவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் குந்தி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருப்பார்கள். குந்தி உட்காராமல் நல்ல புத்தகம் கிடைக்காது என்பது இவ்விடத்துச் சட்டம். நின்றுகொண்டே பார்ப்பவர்களுக்கு மேலடுக்கு மாத்திரமே சொந்தம்.

இவ்வியாபாரிகளின் ஞானத்தை யாரும் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒருநாள் பௌதிக நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பையனிடம், “அது வேணாம் தம்பி, சிலபஸ் மாறிப்போச்சு, உனக்கு ஆவாது” என்று கடைக்காரர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். பையன் வைத்துவிட்டான். நான் எடுத்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாருக்குப் பரீட்சை இல்ல, சார் எதையும் வாங்கலாம்” என்றார். சர்வகலாசாலையைப் பற்றி நான் படித்த எத்தனையோ வியாசங்களில் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடானது கிடையாது.

ஏனென்றால், பாடத்திட்டம் என்பது ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் எதையாவது வெளியே தள்ளியே தீரவேண்டிய ஒன்று. தள்ளப்பட்டதெல்லாம் பயனற்றது என்று முடிவு கட்டிவிட முடியுமா? இதே திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்து, துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்த ஸ்ரீநிவாஸ ராமானுஜனை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது அவருடைய புத்தியைத் தட்டியெழுப்பியது, கார் என்பவர் எழுதி 1880-களில் வெளிவந்த கணிதச் சூத்திரத் தொகுப்பு. அவர் கையில் அது கிடைத்த 1903-ஆம் ஆண்டிலேயே பழசாகிவிட்ட அந்த நூல், பரீட்சைக்குப் படிப்போருக்கென்று திரட்டப்பட்டது. அதைப் படித்து ராமானுஜனோ பரீட்சையில் தேறவில்லை! கணிதம் ஒன்றைத் தவிர மற்றெதையும் படிக்க மறுத்த அவரை எப். ஏ. தேர்வில் தவற விட்ட அதே சர்வகலாசாலை, 1913-இல் தன் விதிகளைச் சற்றுத் தளர்த்தி, பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. கடலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஸ்தாபனம் அன்றைக்கு ஒரு முறை கழுத்தைத் திருப்பிப் பின்புறத் தெருக்களைப் பார்த்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

விஞ்ஞானிகளான சர் சி. வி. ராமனும் சந்திரசேகரும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள் என்பது யாவரும் அறிந்தது. கல்லூரியும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறது, நியாயந்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையரும் 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ் போதித்தார். ஆயினும் 1918-இல் அவர் வெளியிட்ட பரிபாடலுக்கான உழைப்பில் பெரும் பகுதி, வகுப்பறையில் அல்ல, திருவேட்டீசுவரன்பேட்டை வீட்டில் ஏடுகளைச் சுற்றி உட்கார்ந்த சீடர்களோடு நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்தச் சாலைக்கு இப்போது பெயர் கொடுத்திருக்கும் பாரதியோ சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் பெறாதவர். 1921-இல் காலமாகும்வரை, பார்த்தசாரதி கோயிலுக்கு அருகே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவர். படித்துத் தேறியவர்களுக்குச் சாலையின் ஒருபுறத்து மதிலுக்குள் சிலைகளும் பெயர்ப்பலகைகளும் இருக்க, சாலை முழுவதும் பட்டம் பெறாதவர் பேரில் இருக்கிறது.

இப்போது அந்த நடைபாதை முன்போல் இல்லை. வாகனங்கள் பெருகிவிட்டன, கைப்பேசியில் புத்தகம் தருவிக்கும் சௌகரியம் வந்துவிட்டது, விரிப்புகளின் நீளம் ஆண்டுக்காண்டு குறைந்து, கதைப் புத்தகம் இருந்த இடத்தில் நுழைவுத் தேர்வுக் கைடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மாநகராட்சியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் சரக்கு வரும் வழியை அடைத்தவர்கள் நாம்தாம். தாத்தாவின் அலமாரியைக் காலி செய்யும்போது, தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அங்கிருந்து அவை நேரே காகித ஆலைக்குப் போய்க் கூழாகின்றன. வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான்: அடுத்த முறை வீட்டை ஒழிக்கும்போது, அந்த மூட்டையை ஓர் ஆட்டோவில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பைகிராப்ட்ஸ் ரோட்டுக்குக் கொண்டு போங்கள், விலையில் அதிகம் பேரம் செய்யாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.