முப்ளி வண்டும் மனசம்மதமும்

காஞ்சிரப்பள்ளி,
மே கடைசி.

அன்புள்ள விஜி,

பதில் போடலைன்னு நீ என்னைத் திட்டியிருப்பே. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகுதான் எனக்குக் கடுதாசி எழுத வரும்னு உனக்குத் தெரியும். ஏப்ரல்லேருந்து இந்த வீட்டுல ராத்திரி லைட் போட்டு உட்கார வழியில்லை. அதனால மத்தியானத் தூக்கத்தை உனக்காகத் தியாகம் பண்ணிட்டு எழுதுறேன். ஞாபகம் வச்சுக்கோ.

எல்லாம் ஒரு வண்டால வந்த வினை. இவருக்கு இங்கே மாற்றல்னு சொன்னதும் ஊர்ல ஆளாளுக்கு புத்தி சொன்னாங்களே, மழை விடாது, துணி காயாது, பாம்பு வரும்னு! இதைப் பத்தி ஒருத்தர் மூச்சு விடலைடி. வீட்டு ஓனர் அச்சாயன் தை மாசம் வீடு காட்டினப்போ கிணத்தைக் காட்டினார், ஜாதிக்காய் மரத்தைக் காட்டினார், ஓட்டுக்குக் கீழே தேக்குப் பலகையில அடிச்ச மச்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த மச்சுக்கு மேலே வருஷத்துல ஒன்பது மாசம் யார் குடியிருக்காங்கங்கிறதை மட்டும் சொல்லலை. வாடகையில ஒரு ரூபாய் குறைக்கவும் இல்லை.

ஏப்ரல்ல முதல் வேனல் மழை பெஞ்ச சாயங்காலம். மணி ஏழு இருக்கும், நான் தோசை ஊத்திட்டிருக்கேன். ட்யூப்லைட்டைச் சுத்தி மொய்க்குது. மழை விட்டதும் வர்றது ஈசல்தானே, நமக்குத் தெரியாததா? ஈசலா இருந்தா றெக்கையை உதிர்த்துட்டு ஒரு மணி நேரத்துல ஆட்டத்தை முடிச்சுக்கும். இது அப்படி இல்லை. கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், கருங்காப்பி நிறம். வந்து இறங்கினதும் றெக்கையை ஓட்டுக்குள்ளே நல்லா மடிச்சு வச்சுக்கிட்டு, வீடு தன்னுதுங்கிற மாதிரி சுவர்ல ஏற ஆரம்பிச்சுது. ஒண்ணு தோசைக் கல் ஓரத்துல விழுந்துச்சு. கரண்டியால தள்ளினேன். கண்ணைக் கரிக்கிற ஒரு நாத்தம் கிளம்பிச்சு பாரு! மறுநாள் சின்னவன் கழுத்துல தீயில சுட்ட மாதிரி பழுப்பா ஒரு கோடு, அதுக்கு மேலே கொப்புளம். தூக்கத்துல கையால நசுக்கியிருக்கான்.

இங்கே இதுக்கு முப்ளி வண்டுன்னு பேர். கோட்டெருமன்னும் சொல்றாங்க. திருச்சூர் ஜில்லாவுல முப்ளிங்கிற எஸ்டேட் பக்கம் முதல்ல கவனிச்சாங்களாம், அதான். பக்கத்து வீட்டு மேரிச் சேச்சியோட பொண்ணு விலங்கியல் படிக்கிறா. அவதான் எனக்கு வாத்தியார். வண்டு கடிக்காது. நசுங்கினாலோ பயந்தாலோ பின்பக்கத்துச் சுரப்பியிலேருந்து ஒரு திரவத்தை விடும், அதுதான் சுடுது. உடனே சோப்புப் போட்டுக் கழுவிட்டா பாதி தப்பிக்கலாம். கோழிக்கோடு தேவகிரி காலேஜ்ல இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. ஒரு வீட்டுக்குள்ளே நுழையற கூட்டம் 5 லட்சத்துலேருந்து 40 லட்சத்துக்கும் மேலே போகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. இவர் இதைக் கேட்டுட்டு, "நம்ம பேங்க் கிளையில இத்தனை அக்கவுன்ட் இல்லையே"ன்னார். ஆபீஸை விட்டா அந்த மனுஷனுக்கு வேற நினைப்பு கிடையாது.

இதுக்கெல்லாம் மூலம் ரப்பர். டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அப்போ வண்டெல்லாம் வீட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கிடும். புதுத் தளிர் வரும்போது நோய் பட்டு உதிர்ற இளந்தளிர்தான் இதுக்கு விருந்து. சருகுக்குள்ளேயே முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் முடிஞ்சு ஏப்ரல்ல புதுத் தலைமுறை தயார். மழைத்துளி விழுந்ததும் கூட்டமா கிளம்பி வெளிச்சம் தெரியற வீட்டுக்குள்ளே வந்து, ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒண்ணு மேலே ஒண்ணா அப்பிக்கிட்டு அடுத்த இலையுதிர்வு வரைக்கும் தின்னாம குடிக்காம கிடக்கும். நாங்க வீடு பார்க்க வந்த தை மாசம் அதெல்லாம் தோட்டத்துல இருந்திருக்கு. அச்சாயனுக்கு நல்ல நேரம்.

சருகைக் கூட்டி அள்ளிட்டா தீராதான்னு நானும் கேட்டேன். ஏக்கர் கணக்கான மலைச்சரிவுல யாரு கூட்டுவா? மழைக்காலத்துல மண்ணு ஓடிப் போகாமப் பிடிச்சு வச்சிருக்கறதே அந்தச் சருகுதான். எங்க வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஆஸ்திரேலியாவுல இருக்காங்க. ரப்பர் விலை விழுந்ததுலேருந்து பால் வெட்டக்கூட ஆள் விடறதில்லை. மரம் அவங்களுது, வண்டு எங்களுது.

அத்தை வந்திருந்தாங்க. வேப்பிலைப் புகை போட்டாங்க, மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க. எங்களுக்குத்தான் இருமல் வந்துச்சு. கடைசியில அவங்க சொன்ன ஒரு யோசனை மட்டும் பலிச்சுது. கட்டிலுக்கு மேலே மாமாவோட பழைய எட்டு முழ வேட்டியை விதானமாக் கட்டினாங்க. ராத்திரி பூரா அது மேலே பொட் பொட்னு விழும். காலையில நாலு முனையையும் சேர்த்துப் பிடிச்சு அப்படியே சோப்புத் தண்ணி வாளிக்குள்ளே கவிழ்த்துட வேண்டியது. அத்தைக்கு அன்னையிலேருந்து இந்தத் தெருவுல தனி மரியாதை. மேரிச் சேச்சி வீட்டுலயும் இப்போ வேட்டிதான் தொங்குது.

அச்சாயன் மருந்தடிக்க ஆள் கூட்டிட்டு வந்தார். நான் ஒத்துக்கலை. மச்சு மேலே மருந்தடிச்சா செத்தது பலகை இடுக்கு வழியா சோத்துல கொட்டும், சாகாதது பயந்து நாத்தத்தை விடும், மருந்து வாசனையை மூக்குல இழுத்துட்டு கீழே படுக்கறது நாங்க. மண்ணெண்ணெய் தெளிச்சாலும் இதே கதைதான்னு சேச்சி சொன்னாங்க. ஆறரையிலேருந்து எட்டரை வரைக்கும் உள்ளே எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, முத்தத்துக் கோடியில ஒரு பல்பும் அதுக்குக் கீழே அகலமான பாத்திரத்துல சோப்புத் தண்ணியும் வைக்கறதுதான் முறை. என்ன, பசங்க படிக்காததுக்கு ஒரு சாக்குக் கிடைச்சுது.

இந்த லைட் விஷயத்துல தெருவே ரெண்டு கட்சி. யார் வீட்டு வாசல்ல பல்பு எரிஞ்சா அவங்க வீட்டுக்குத்தான் கூட்டம் போகும். அதனால எல்லாரும் எதிர்வீட்டுக்காரன் எப்போ லைட் போடுவான்னு இருட்டுல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கறது.

இப்போதான் நீ காத்திட்டிருக்கிற சமாசாரம் வருது. ஈஸ்டர் முடிஞ்சதும் எதிர்வீட்டுல பொண்ணுக்கு மனசம்மதம், அதாவது நம்ம ஊர் நிச்சயதார்த்தம். அந்த அம்மா எங்க யாரையும் மதிக்காது. பந்தல், சீரியல் லைட், ஹாலோஜன் விளக்குன்னு வீடே ஜொலிக்குது. "சாயங்காலம் வேண்டாம், மத்தியானமே முடிச்சிடுங்க"ன்னு மேரிச் சேச்சி சொல்லிப் பார்த்தாங்க. பணக்காரங்களுக்குப் பகல்ல போட்டோ நல்லா வராதாம். அஞ்சு மணிக்கு இடி, மழை, கரன்ட் கட். மழை விட்டும் கரன்ட் வரலை. தெரு முழுக்க கும்மிருட்டு. இவங்க மட்டும் ஜெனரேட்டரைப் போட்டாங்க.

விஜி, அந்த மலைச்சரிவுல இருந்த அத்தனை வண்டுக்கும் அன்னைக்கு ஒரே வீடுதான் கண்ணுல பட்டுச்சு! கட்லெட் தட்டுல, கேக்குல, ஒயின் கிளாஸ்ல எல்லாம் வண்டு. மாப்பிள்ளையோட அம்மா கசவுப் புடவை கட்டியிருந்தாங்க. முந்தானைக்குள்ளே புகுந்ததைத் தட்டி நசுக்க, வெள்ளைப் புடவையில பழுப்புக் கறை. ஃபோட்டோகிராபர் ஃப்ளாஷ் அடிக்க அடிக்க அவர் முகத்துலயே வந்து மோதுது. பாதிரியார் மட்டும் அசையாம ஜெபத்தை முடிச்சுட்டு, கிளாஸ்ல விழுந்ததை ஸ்பூனால எடுத்துப் போட்டுட்டுக் குடிச்சாராம். அவர் இங்கே பக்கத்துல பாலா ஊர்க்காரர், பார்க்காத வண்டா? எங்க வீட்டுல அன்னைக்குப் பத்து வண்டுகூட இல்லை. நான் இருட்டுல திண்ணையில உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தேன். பாவம்னுதான் இருந்துச்சு. ஆனாலும் எழுந்து உள்ளே போகலை.

சம்பந்தம் முறியலை. ஆனா கல்யாணத்தை ஜனவரிக்குத் தள்ளி, ஓடு போட்ட வீடு பக்கத்துலயே இல்லாத ஒரு கான்கிரீட் மண்டபத்துல வச்சிருக்காங்க. அது மாப்பிள்ளை வீட்டு நிபந்தனைன்னு கேள்வி. புடவைக்குக் காசும் கேட்டாங்களாம். சேச்சி அடிச்சுச் சொல்றாங்க, நான் நம்பலை, நீயும் யார்கிட்டேயும் சொல்லாதே.

இங்கே வர்றதா இருந்தா நீயும் ஜனவரியிலேயே வா. வண்டெல்லாம் தோட்டத்துக்குப் போயிருக்கும், மச்சு காலி. நம்ம ரெண்டு பேரும் தீப்பெட்டியில கொடுக்காய்ப்புளி இலை போட்டு வளர்த்தோமே பொன்வண்டு, அது முட்டை போட்டுச்சுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவ நீ. அந்தத் தைரியத்துல ஏப்ரல்ல மட்டும் வந்துடாதே. வரும்போது கருப்பட்டியும், வெளுத்துப் போன பழைய வேட்டி இருந்தா ரெண்டும் கொண்டு வா. இங்கே முண்டு கிடைக்குது, விதானத்துக்குப் பத்தலை.

அப்புறம் உன் நாத்தனார் நகை விவகாரம் என்ன ஆச்சு? ஃபோன்ல கேட்டா உன் மாமியார் ஸ்பீக்கர்ல போடச் சொல்றாங்க. விவரமா லெட்டர்ல எழுது. வளையலை வித்தது யார்ங்கிறதை முதல் வரியிலேயே எழுதிடு.

இப்படிக்கு,
உன் கமலா