ஏரியில் எழுந்து நிற்க ஓர் ஓடம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் பேருந்தில் ஏறினால், உத்திரமேரூருக்குச் சற்று முன்னதாகவே திருப்புலிவனம் வந்துவிடும். பழைமையான வியாக்கிரபுரீசுவரர் ஆலயமும் அதன் சோழர் காலக் கல்வெட்டுகளும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. ஆயினும் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஏரிக்கரைக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதக் காலையில் இப்பகுதி ஏரிகளைக் கண்டவர், இதைப் பாலாற்றுக்குத் தெற்கே உள்ள வறண்ட பூமி என்று சொல்லத் துணியமாட்டார். 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஊராட்சி வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைக் காப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு!

துபாயில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறையில் வந்திருந்தான். அங்கே கற்றுக்கொண்ட 'ஈத் தூண்டில்' மோகம் அவனை விடவில்லை. நீலகிரியில் ஆங்கிலேயர் டிரவுட் மீனைக் குடியேற்றி, இம்முறையில்தான் பிடித்து மகிழ்ந்தனர். நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இதிலோ இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈக்குக் கனமே இல்லை. தடித்த கயிற்றின் கனமே அதைச் சுமக்கிறது. எனவே கோலை முன்னும் பின்னுமாக வீசியாக வேண்டும். உட்கார்ந்து வீசினால் பின்னே செல்லும் கயிறு எளிதில் நீரைத் தட்டிவிடும். நின்றால் உயரமும் கிடைக்கும், விரால் மேலே வருவதும் கண்ணுக்குத் தெரியும். தவளையைப் பாய்ந்து விழுங்கும் விரால் இந்த வேட்டைக்கு ஏற்ற மீன்தான்.

ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி பெற்று, நண்பரொருவரின் கயாக் ஓடத்தை இரவல் வாங்கி, சுபுஹுத் தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். ஓடத்தின் அகலம் 28 அங்குலம். பார்க்க அழகு, அம்புபோல் பாய்ந்தது. "மாமா, இதையே ஒன்று வாங்கிவிடலாம்" என்றான். வெயில் ஏறியதும் மிதவை அங்கியைக் கழற்றிக் காலடியில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். முதல் வீச்சு நன்றாக அமைந்தது. இரண்டாவதில், கோல் பின்னே சென்ற அதே நொடியில் ஓடம் ஒரு பக்கம் சரிந்தது. பையன் நீரில்!

ஆழம் மார்பளவுதான். ஆனால் வண்டலில் முழங்கால்வரை புதைந்துவிட்டான். தூண்டில் கயிறு கைகளைச் சுற்றிக்கொண்டது. நீச்சல் அறியாத நான் கரையில் நின்று கூவியதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலவில்லை. அவ்வேளையில், தெர்மகோல் பலகைகளைச் சாக்கில் பொதிந்து கட்டிய தெப்பத்தின்மேல் நின்று வலை எடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் மூங்கில் கழியை நீட்டினார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை கரையேறினான்.

"பாய், இது குந்திக்கினு போறதுக்குச் செஞ்சது. நிக்கணும்னா அடி அகலமா இருக்கணும். என் தெப்பத்தைப் பாருங்க" என்றார் அவர். விலை மிகக் குறைவான அந்தத் தெப்பம் அவர் காலடியில் அசையவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? கடலில் நின்றுகொண்டே வலை வீசும் மீனவருக்குக் கட்டுமரம் இருந்தது. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த அது, அலை இடுக்குகளின் வழியே ஏறி இறங்கினாலும் மூழ்காது. ஆங்கிலேயரின் 'கேட்டமரான்' நம் சொல்லே. ஒகேனக்கல் பரிசலும் அகன்ற அடியால்தான் உறுதி பெறுகிறது. ஆயினும் அதன் விளிம்பில் நின்றால் சாயும், ஓயாமல் சுழலும். வீசும் விளையாட்டுக்கு அது ஒத்துவராது.

எனவே, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய ஓடம் கேட்டால் முதலில் அளவு நாடாவை எடுங்கள். நின்று வீச ஏறத்தாழ 34 அங்குலமாவது அகலம் வேண்டும்; உடல் கனத்தவருக்கு இன்னும் கூடுதல். அடிப்பாகம் தட்டையாகவோ, நடுவே பள்ளம் விட்டு இருபுறமும் தாங்கும் கட்டுமர வடிவிலோ இருப்பது நல்லது. ஆனால் தட்டை அடியை முழுதாக நம்பிவிடாதீர்கள். அமைதியான நீரில் பாறைபோல் நிற்கும், எல்லை கடந்து சாய்ந்தாலோ சட்டெனக் கவிழ்த்துவிடும். உயர்ந்த இருக்கை எழுந்து நிற்க வசதியே. எனினும் உட்கார்ந்திருக்கையில் உடல் பாரத்தை மேலேற்றி ஆட்டம் கூட்டும். நிற்கும் தளத்தில் கொக்கியும் வளையமும் துருத்திக்கொண்டிருந்தால் கயிறு அவற்றில்தான் போய்ச் சிக்கும். இது வாங்கும்போது எவருக்கும் தோன்றாது, எங்களுக்கும் தோன்றவில்லை.

அகன்ற ஓடத்துக்கு விலையும் உண்டு, நான் பணத்தைச் சொல்லவில்லை. அது மெதுவாகவே செல்லும், காற்று அதை எளிதில் தள்ளும், சிலவற்றின் எடை 40 கிலோவையும் தாண்டும். கரையிலிருந்து நீர்வரை சேற்றில் இழுத்துச் செல்ல இருவர் வேண்டும். வாங்குமுன் இடுப்பளவு நீரில், மிதவை அங்கி அணிந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அதன்மேல் நின்று இடமும் வலமும் சாய்ந்து பாருங்கள். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்காவிடில் வேறு கடை பாருங்கள்.

நடந்ததை என் தங்கையிடம் மறைக்க எண்ணினோம். ஈரத் துணியும் சேறும் காட்டிக்கொடுத்துவிட்டன. "அங்கி போட்டுக்கொள்வதானால் போ, இல்லையேல் ஏரிப் பேச்சே வேண்டாம்" என்றாள். பையன் தலையாட்டினான். அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், 36 அங்குல ஓடம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். அந்த மீனவரும் உடன் வர இசைந்திருக்கிறார்.