திருத்த முதல் கொப்பி எடுங்கோ

எங்கட வீட்டுக் கணினி ஒவ்வொரு காலையும் ‘டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன்’ எண்டு சொல்லித்தான் எழும்பும். செக்டிஸ்க்கை ஓடவிட்டிட்டு நான் பிளேன்ரீ குடிக்கப் போயிடுவேன். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். பிறகு அதே பிழை. கேபிளை மாத்தியும் பார்த்தேன். நிற்கவில்லை.

கடைசியாத்தான் டிஸ்க் தன்ர உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தேன். பழுதான செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. செக்டிஸ்க் கோப்புகளின் ஒழுங்கைத்தான் திருத்தும். பழுதான தட்டைத் திருத்தாது. சாகக் கிடந்த டிஸ்க்கை நான்தான் திரும்பத் திரும்ப ஓடவைத்திருக்கிறேன்.

அதுக்குள்ள அம்மம்மாவின் குரல் இருந்தது. முதலாமாண்டு ஒப்படைக்காக, அவ இடம்பெயர்ந்த கதையை ஐந்து பதிவாக எடுத்திருந்தேன். அவ இப்ப இல்லை.

பென் ட்ரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கி, டிடிரெஸ்கியூவால் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். நாலு பதிவு முழுசா வந்தது. ஐந்தாவது, கிளாலிக் கடலைப் படகில் கடந்த இரவு. பாதியில நிக்குது. அவ கரை சேர்ந்தது எனக்குத் தெரியும். எப்படியெண்டு கேக்க ஆளில்லை.

முதல் பிழை வந்த அண்டே கொப்பி எடுத்திருக்கலாம். நீங்களாவது எடுங்கோ.